ஏழு ஞாயிறு, ஒரு செவ்வாய்

நான் ஓய்வு பெற்ற மாதத்தில் என் மனைவி நிலம் கேட்டாள். ஒரு நாளிதழின் மாவட்ட நிருபராக விருதுநகரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்திருந்தேன். வீட்டில் இருந்த முதல் வாரத்தில் எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லும் நிலையில் இருந்தேன். இரவுச் சாப்பாட்டின்போது அவள் சொன்னாள்: "ரெண்டு ஏக்கர் வாங்குவோம்ங்க. சத்தம் இல்லாத எடமா. அங்கன சின்னதா ஒரு வீடு போதும்."

சரி என்றேன். அவள் அதை எத்தனை நாளாக யோசித்திருந்தாள் என்று கேட்கவில்லை.

சத்தம் இல்லாத இடம் அவளுக்கு ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சிவகாசிக்கு வெளியே பட்டாசு ஆலைகள் உள்ள சாலை ஒன்றில் இருந்த நடுநிலைப் பள்ளியில் அவள் ஆசிரியையாக இருந்தாள். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு நாள் காலை இரண்டாவது பாடவேளையில், பள்ளியிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆலையில் மருந்து கலக்கும் அறை வெடித்தது. வகுப்பறையின் ஜன்னல் கண்ணாடிகள் உள்ளே விழுந்தன. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்ததால் தப்பினார்கள். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த இவளுக்குக் கழுத்தின் பின்புறம் நான்கு தையல் போட்டார்கள்.

அப்போது நான் அந்த ஆலையின் வாசலில் இருந்தேன். இறந்தவர்களின் எண்ணிக்கையை இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்தேன். தீயணைப்பு வண்டிகள் எத்தனை, எங்கிருந்து வந்தன என்று குறித்துக்கொண்டேன். மதுரை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் செய்தியைச் சொன்னேன். கடைசி வரியாக, அருகிலுள்ள பள்ளி ஒன்றின் ஜன்னல்கள் உடைந்தன என்று சொன்னேன். அது எந்தப் பள்ளி என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும். அவளை அழைத்தது அதற்கு நாற்பது நிமிடம் கழித்து. அதற்குள் இன்னொரு ஆசிரியை அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், தையல் போட்டு, வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார்.

இதைப் பற்றி அவள் ஒரு நாளும் பேசியதில்லை. நானும் பேசவில்லை.

காயம் இரண்டு வாரத்தில் ஆறிவிட்டது. அதன் பிறகு திடீர்ச் சத்தம் எதையும் அவளால் தாங்க முடியவில்லை. காற்றில் கதவு அடித்துக்கொண்டால், பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தால், சாலையில் லாரி டயர் வெடித்தால், இருந்த இடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். முகம் வெளுத்துவிடும். பழையபடி ஆக அரை மணி நேரமாகும். பட்டாசு செய்கிற மாவட்டத்தில் தீபாவளிக்கு மட்டும் வெடிப்பதில்லை. கல்யாணத்துக்கு, கோயில் கொடைக்கு, தேர்தல் முடிவுக்கு, சவ ஊர்வலத்துக்கு, எல்லாவற்றுக்கும் வெடிப்பார்கள். எங்கள் தெரு வழியாகத்தான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும். அவள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டாள். மதுரையில் ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். இடத்தை மாற்றிப் பாருங்கள் என்றும் சொன்னார்.

மாவட்டத்தை விட்டே போகலாமே என்று கேட்டவர்கள் உண்டு. எங்கள் கையில் இருந்த பணத்துக்கு மானாவாரிக் கரிசல்தான் கிடைக்கும். அது இங்கேதான் இருக்கிறது. அவள் சொன்ன காரணம் வேறு. இந்த மாவட்டத்துக்குள்ளேயே ஓர் இடத்தைக் காட்டும்படி ஜெபத்தில் கேட்டிருந்தாள். கேட்டபடி கிடைக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. நானும் கிறிஸ்தவச் சபையில் பிறந்து வளர்ந்தவன்தான். ஞாயிறு ஆராதனைக்குப் போவேன், பாட்டுப் பாடுவேன், திருவிருந்து எடுப்பேன். ஆனால் எதையும் கேட்டு ஜெபித்துப் பல வருடங்களாகிவிட்டன. அவள் ஜெபிக்கும்போது பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன். பெரும்பாலும் எதையும் நினைக்க மாட்டேன்.

நிலம் பார்க்கப் போவதில் அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். ஆராதனை முடிந்து கோவிலிலிருந்து நேராகப் போக வேண்டும். திருவிருந்து எடுத்த நாளில், வேறு வேலை எதுவும் கலக்காமல் போய்ப் பார்த்தால், வேண்டாததைக் கண் தானாக ஒதுக்கிவிடும் என்பாள். அதனால் நாங்கள் பார்த்த நிலம் அத்தனையும் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்ததுதான்.

தரகர் முன்பு பட்டாசு ஆலையில் சரவெடி பின்னியவர். விரல் நுனிகளில் இன்னும் சாம்பல் நிறம் போகவில்லை. முதல் ஞாயிறு எங்களை ஆமத்தூர்ப் பக்கம் கூட்டிப்போனபோதே சலித்துக்கொண்டார்.

"ஏன் சார், ஒங்க சாமிக்கு ஞாயித்துக்கெழம மட்டுந்தான் டூட்டியா? எனக்கு அன்னைக்குத்தான் கறி எடுக்குற நாளு. வீட்டுல எம்பொண்டாட்டி கரண்டியத் தூக்கிக்கிட்டு நிக்கிறா."

"நீங்க சாப்பிட்டுட்டே வாங்கண்ணே. நாங்க நிக்கிறோம்" என்றாள் என் மனைவி.

"அட நீங்க வேற டீச்சர். சாப்பிட்டா தூங்கிருவேன். தூங்கிட்டா ஒங்களுக்கு நெலம் யாரு காட்டுவா?"

ஆமத்தூர் நிலத்தில் கிணறு இருந்தது. தண்ணீரை அள்ளி வாயில் வைத்தால் உப்பு. அடுத்தது நல்ல மண். பங்காளிகள் ஏழு பேர், அதில் ஒருவர் எங்கே இருக்கிறார் என்று மற்ற ஆறு பேருக்கும் தெரியவில்லை. மூன்றாவது நிலத்துக்கு வண்டி போகப் பாதை இல்லை. பாதை வரும் என்று தரகர் சொன்னார். எப்போது என்று கேட்டேன். அவர் வானத்தைப் பார்த்தார். ஒவ்வொன்றும் கைவிட்டுப் போனபோது என் மனைவிக்கு வருத்தமே இல்லை. "இது நமக்கில்ல" என்பாள், காய்கறிக் கடையில் சொத்தைக் கத்தரிக்காயை ஒதுக்குவது போல. குருவானவர் மட்டும் ஒருமுறை கோவில் வாசலில் என்னைத் தனியாக நிறுத்தி, "ஜெபம் அம்மா பாத்துக்கிடுவாங்க. வில்லங்கச் சான்று நீங்க பாத்துக்கோங்க" என்றார்.

நான்காவது நிலம் சாத்தூர் சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருந்தது. பருத்தி எடுத்து முடித்த காடு. செடியெல்லாம் வெறும் மாராகக் காய்ந்து நின்றது. கிழக்கே ஒற்றை வேம்பு. வடக்கே ஓடை, அதன் கரை முழுக்க ஆள் நுழைய முடியாத சீமைக் கருவேலம். நிலத்தின் சொந்தக்காரர் அறுபது வயதைத் தாண்டிய விவசாயி. தோளில் துண்டு, கையில் மொபைல். பிள்ளைகள் யாரும் விவசாயத்துக்கு வரவில்லை. முழங்கால் வலி. விற்கக் காரணம் அவ்வளவுதான்.

என் மனைவி நிலத்தின் நடுவே போய் நின்றாள். நாங்கள் மூவரும் வேம்பின் அடியில் நின்றோம். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து என்னிடம் மட்டும் சொன்னாள்: "காதுல ஒண்ணுமே விழலங்க."

பிறகு தரகரைக் கேட்டாள். "பக்கத்துல பட்டாசுக் கம்பெனி எதுவும் இருக்காண்ணே?"

"இங்கன எதும்மா கம்பெனி? அதெல்லாம் ஓடைக்கு அங்கிட்டு."

"அங்கிட்டுன்னா?"

தரகர் என்னைப் பார்த்தார். சொந்தக்காரர் மொபைலில் யாருடனோ உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். என் மனைவியும் என்னைப் பார்த்தாள்.

"தூரந்தான்" என்றேன்.

இளம் நிருபர்களின் செய்திகளைத் திருத்திய காலத்தில் 'தூரத்தில்' என்ற சொல்லைப் பார்த்தால் அடித்துவிட்டு, எத்தனை கிலோமீட்டர் என்று ஓரத்தில் எழுதுவேன். ஓடைக்கு அப்பால் ஆலை இருந்தது எனக்குத் தெரியும். சாலை பிரியும் இடத்தில் சிவப்பு எழுத்தில் அம்புக்குறியோடு பலகை நின்றது. அன்று மாலை மொபைலில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தும் பார்த்தேன். ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, வரிசை வரிசையாகச் சின்னச் சின்னச் சதுர அறைகள். இந்தப் பகுதியில் அதை வேறெதுவாகவும் நினைக்க முடியாது. அறைகளுக்கும் ஓடைக்கும் நடுவே காலியான வெள்ளைத் தரை ஒன்று, நடுவில் கருகிய வட்டம். பட்டாசைச் சோதித்துப் பார்க்கிற இடம். நிலத்தின் வடக்கு எல்லையிலிருந்து சுமார் எழுநூறு மீட்டர். படத்தை மூடிவிட்டு இட்லி சாப்பிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு நானே என்னைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அவள் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அது உண்மையில்லை. அலைச்சல் முடியட்டும் என்று நினைத்திருக்கலாம். அதுவும் முழுதாக உண்மையில்லை. வெடிவிபத்துகளுக்குப் போய் வந்த இத்தனை வருடங்களில் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. பார்ப்பேன், குறித்துக்கொள்வேன், அடுத்ததற்குப் போவேன். குறித்த பிறகு அதை வைத்து ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றாது. செய்தி அச்சாகிவிட்டது என்ற எண்ணம்தான் வரும். அன்றும் அப்படித்தான்.

அடுத்த வாரம் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் அவள் நிலத்தைப் பற்றிச் சொல்ல, கூட்டத் தலைவி எரிகோ ஜெபம் பண்ணச் சொன்னார். எங்கள் பக்கத்துச் சபைகளில் வீட்டுமனைக்கும் நிலத்துக்கும் இதைச் செய்கிறவர்கள் உண்டு. வாங்க நினைக்கிற இடத்தை ஏழு முறை சுற்றி வர வேண்டும். பைபிளில் எரிகோ நகரத்தை ஏழு நாள் சுற்றி, மதில் தானாக விழுந்து அதைப் பிடித்தார்களே, அதைப் போல. சிலர் ஏழு நாள் சுற்றுவார்கள். இவள் ஏழு ஞாயிறு என்று வைத்துக்கொண்டாள். ஆறு ஞாயிறு ஒரு சுற்று, ஏழாவது ஞாயிறு ஏழு சுற்று. சுற்றும்போது பேசக் கூடாது.

சொந்தக்காரரிடம் அனுமதி கேட்டோம். அவர் முதலில் புரியாமல் விழித்தார்.

"சுத்துங்க, சுத்துங்க. அதுக்கு என்ன? நாங்க மலையச் சுத்துறோம், நீங்க காட்டச் சுத்துறீக. காலு வலி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான."

முதல் ஞாயிறு நாங்கள் சுற்றி முடிக்க இருபத்திரண்டு நிமிடமானது. வரப்பு சரியாக இல்லை. அவள் முன்னால் போனாள், கையில் செருப்பு. நான் பின்னால். தரகர் வேம்பின் நிழலில் வண்டி மேல் படுத்துக்கொண்டு, நாங்கள் அவரைக் கடக்கும்போது மட்டும் எழுந்து உட்காருவார், பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டரைப் பார்த்த வாத்தியார் போல. இரண்டாவது ஞாயிறு சொந்தக்காரரும் வந்து உட்கார்ந்தார். மூன்றாவது ஞாயிறு எங்களுக்காகச் சாத்தூரிலிருந்து நான்கு பாட்டில் கலர் வாங்கி வைத்திருந்தார்.

"பேசக் கூடாதுன்னுதான சொன்னீக? குடிக்கலாம்ல?"

அவள் சிரித்தாள். சுற்று முடிந்த பிறகு குடித்தோம்.

ஐந்தாவது ஞாயிறு பருத்தி மாருக்குள்ளிருந்து இரண்டு கௌதாரிகள் படபடவென்று எங்கள் காலடியிலிருந்து கிளம்பின. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவள் நின்றாள். நான் அவள் தோளைப் பிடிக்கக் கையை நீட்டினேன். அவள் அவை பறந்து போன திசையைப் பார்த்தபடி இருந்தாள். முகம் வெளுக்கவில்லை. பிறகு நடந்தாள். அன்று வீட்டுக்கு வந்து மத்தியானம் மூன்று மணி நேரம் தூங்கினாள். அவள் பகலில் தூங்கிப் பார்த்து நான்கு வருடம் ஆகியிருந்தது. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, இப்போது எழுப்பிச் சொல்லலாம் என்று ஒருமுறை நினைத்தேன். பேப்பரை எடுத்து விளையாட்டுப் பக்கம் படித்தேன்.

ஏழாவது ஞாயிறு வெயில் கடுமையாக இருந்தது. ஏழு சுற்றுக்கு இரண்டரை மணி நேரம். நான்காவது சுற்றில் சொந்தக்காரரும் தரகரும் எண்ணிக்கையில் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

"இது நாலு" என்றார் தரகர்.

"அஞ்சுய்யா."

"நீரு தூங்கிட்டீரு. நாலுதான்."

"ஏலே, தூங்குனா கொறச்சுல்ல எண்ணுவேன், கூட்டியா எண்ணுவேன்?"

ஏழாவது சுற்று முடிந்ததும் அவள் வேம்பின் அடியில் முழங்கால் படியிட்டு ஜெபித்தாள். மற்ற இரண்டு பேரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்கள். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொந்தக்காரரிடம் சொன்னாள்: "நாங்க வாங்கிக்கிடுறோம். அளந்து பாத்துட்டா முன்பணம் குடுத்துறலாம்."

நில அளவையர் ஞாயிற்றுக்கிழமை வர மாட்டார். செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு நாங்கள் போனபோது அளவையர் தென்மேற்கு மூலையில் எல்லைக் கல்லைத் தேடிக்கொண்டிருந்தார். சொந்தக்காரர் மண்வெட்டியோடு கூட நின்றார். என் மனைவி வேம்பிலிருந்து வடக்கு வரப்பை நோக்கி நடந்தாள். வீட்டை எந்தப் பக்கம் பார்த்துக் கட்டலாம் என்று பார்க்கப் போகிறேன் என்றாள். நான் போகாதே என்று சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நாற்பத்தெட்டு.

முதல் வெடி அப்போது வந்தது. கருவேலங்காட்டுக்கு மேல் வெள்ளைப் புகை ஒரு பிடி எழுந்தது. அதற்குப் பின் இரண்டு, சேர்ந்தாற்போல். பிறகு ஒரு சரம், நீளமானது, எங்கே முடியும் என்று தெரியாதது. வேம்பிலிருந்த காக்கை ஒன்றுகூட எழும்பவில்லை. அவற்றுக்குப் பழக்கம்.

அவள் வரப்பின் மேல் உட்கார்ந்திருந்தாள். விழவில்லை, உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் வரப்பின் புல்லைப் பிடித்திருந்தாள். நான் அவளிடம் போய்ச் சேரும் முன் சொந்தக்காரர் போய்விட்டார். முழங்கால் வலியோடு ஓடினார்.

"என்ன டீச்சர்? என்ன செய்யுது? தண்ணி கொண்டாரவா?"

அவள் வடக்கே கையைக் காட்டினாள்.

"அதுவா? சாம்பிள் போடுறாக டீச்சர். புதுசாச் சரக்குப் போட்டா வெடிச்சுப் பாத்துட்டுத்தான் பெட்டில அடைப்பாக. தெனமும் உண்டு. சீசன்னா சாயங்காலம் வரைக்கும் கேக்கும். ஞாயித்துக்கெழம கம்பெனி லீவுல்ல, அதான் நீங்க கேக்கல." அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. அவருக்கு அது சத்தமாகவே தோன்றியிருக்கவில்லை. "எதுக்குப் பயப்படுறீக? சாருக்குத் தெரியுமே. பேப்பர்காரருக்குத் தெரியாத கம்பெனியா?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை. கோபம் இருந்தால் குறித்திருப்பேன். அளவையர் அந்தப் பக்கமிருந்து, "கல்லு கெடச்சிருச்சு சார்" என்று கத்தினார்.

காரில் அவள் பின்னிருக்கையில் உட்கார்ந்தாள். சாத்தூர் தாண்டியது. நான்கு வழிச் சாலையில் ஏறியதும் கேட்டாள்.

"ஏழு ஞாயித்துக்கெழமையும் தெரியுமா?"

"தெரியும்."

"மொத நாளே?"

"மொத நாளே."

விருதுநகர் பாலத்துக்கு முன்னால் திரும்பவும் பேசினாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற குரல். "கர்த்தர் பதில் சொல்லலன்னு நான் நெனைக்கலங்க. அவரு ஒங்ககிட்ட சொல்லியிருக்காரு. நீங்கதான் எங்கிட்ட சொல்லல."

நான் கியரை மாற்றினேன். அவள் சொன்னதில் திருத்த எதுவும் இல்லை.

அதன் பின் வீட்டில் நிலப் பேச்சு நின்றது. சமையல் நடந்தது. மாலை ஜெபம் நடந்தது. நான் வழக்கம்போல் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என்னைக் கூப்பிடவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து அவள் காலையில் டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு வெளியே போக ஆரம்பித்தாள். மாலையில் திரும்புவாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. சபை வேலை என்று நினைத்தேன். பஜாரில் தரகரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

"டீச்சருக்கு அருப்புக்கோட்டைக்குக் கெழக்க ஒரு எடம் காட்டியிருக்கேன் சார். ஒங்ககிட்ட சொல்லலையா? நல்ல மனுசி, ஆனா இப்படி ஒரு ஆள நான் பாத்ததில்ல. காலைல பஸ்ஸுல வந்து பனை நெழல்ல ஒக்காந்தாகன்னா, சாயங்கால பஸ்ஸுக்குத்தான் எந்திரிக்காக. பட்டா கேக்கல, பத்திரம் கேக்கல. காத அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பிக்கிட்டு ஒக்காந்திருக்காக. எம்புட்டு நேரந்தான் நானும் கூட ஒக்காருறது? இந்தக் கூத்துக்கு ஞாயித்துக்கெழமையே தேவல."

அன்று இரவு அவளிடம், "தரகரப் பாத்தேன்" என்றேன்.

அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. "நாளைக்கு வியாழக்கெழம. நீங்களும் வாங்க. எனக்கு எல்லாச் சத்தமும் ஒண்ணு போலத்தான் இருக்கு. எது என்னன்னு பிரிச்சுச் சொல்ல ஒங்களுக்குத்தான் தெரியும்." கடைசித் தட்டைக் கவிழ்த்துவிட்டு, "இருக்கிறதச் சொல்லுங்க. அது போதும்" என்றாள்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். இரண்டு ஏக்கர் பதினான்கு சென்ட். உளுந்து பிடுங்கிய காடு. தெற்கே நான்கு பனை, நடுவில் மழைத்தண்ணீர் தேங்கி வற்றிய பள்ளம். சத்தம் இல்லாமல் இல்லை. நான் பாக்கெட் நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒன்பது நாற்பது, டிராக்டர், மேற்கே. பத்து பத்து, மயில். பதினொன்றுக்கு ஆடுகள், மேய்ப்பவரின் மொபைலில் சினிமாப் பாட்டு. ஒவ்வொன்றாக அவளிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். இடையில் நெடுநேரம் ஒன்றும் இல்லை. காற்று பனை ஓலையை உரசியபோது அவள் என்னைப் பார்த்தாள். ஓலை என்றேன்.

ஒன்று இருபத்தைந்துக்கு மெல்லிய நீண்ட ஒலி ஒன்று தெற்கிலிருந்து வந்தது. எழுதிக்கொண்டேன். அவள் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்ததால் நான் சொல்லக் கொஞ்சம் தாமதித்தேன். ஒன்று முப்பதுக்கு அடித்தது. காதில் விழுவதற்கு முன் உட்கார்ந்திருந்த மண்ணில் தெரிந்தது. அவள் பனைமரத்தைப் பிடித்துக்கொண்டாள். சோற்றில் பாதி மண்ணில் கொட்டியது.

மூச்சு சீரானதும் கேட்டாள். "இது மூணு நாளா வருது. தரகரக் கேட்டா ஒண்ணுமில்லன்னுட்டாக. என்னது இது?"

"கல்குவாரி. இங்கருந்து நாலு கிலோமீட்டர் இருக்கும். மத்தியானம் பாறைக்கு வெடி வைப்பாங்க. சாதாரணமா ஒரு தடவ. பாறை பிளக்கலன்னா இன்னொரு தடவ வைக்கலாம். ஞாயித்துக்கெழம கெடையாது."

"கூடுமா?"

"பக்கத்துல புதுக் குவாரிக்கு யாராவது மனு போட்டிருந்தா கூடும். கலெக்டர் ஆபீசுல விசாரிச்சாத்தான் தெரியும். நாளைக்குக் காலைல கேக்குறேன்."

அவள் கொட்டிய சோற்றைக் கையால் ஒதுக்கி எறும்புகளுக்கு விட்டாள். நான் இன்னொன்றும் சொன்னேன். "வெடிக்கு முன்னால சங்கு ஊதுவாங்க. ஆள் மாடு நகரட்டும்னு. இப்ப அஞ்சு நிமிசத்துக்கு முன்னால ஊதுனாங்க. நீ சோத்த எடுத்துக்கிட்டு இருந்த. அப்பமே சொல்லியிருக்கணும்."

"அது சங்கா? நான் லாரி ஹாரன்னு நெனச்சேன்."

"சங்குதான்."

"தெனமும் ஊதுவாகளா?"

"ஊதாம வெடிச்சா லைசென்ஸ் போயிரும்."

அவள் தெற்கே பார்த்தாள். அங்கே எதுவும் தெரியவில்லை, வெளிறிய வானம்தான். "அப்ப சொல்லிட்டுத்தான் வெடிக்கிறாக" என்றாள்.

ஆமா என்றேன்.

மறுநாள் காலை கலெக்டர் அலுவலகத்தில் கனிமப் பிரிவில் கேட்டேன். புது மனு எதுவும் இல்லை. எழுத்தர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். நானே பார்த்தேன். அங்கிருந்து நேராக நிலத்துக்குப் போய் அவளிடம் அதைச் சொன்னேன், இன்றைய தேதி வரைக்கும் இல்லை என்று. அடுத்த வருடம் பற்றித் தெரியாது என்பதையும் சொன்னேன். இந்த முறை அவள் நிலத்தைச் சுற்றவில்லை. பனை நிழலில் உட்கார்ந்தபடியே கண்ணைத் திறந்துகொண்டு ஒரு நிமிடம் ஜெபித்தாள். என்ன கேட்டாள் என்று எனக்குக் கேட்கவில்லை.

ஒன்று இருபதுக்குச் சங்கு ஊதியது.

"சங்கு" என்றேன்.

அவள் டிபன் பாக்ஸை மூடித் தரையில் வைத்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். நானும் நோட்டைக் கீழே வைத்தேன். எனக்குக் குறிப்பாக ஒன்றும் தோன்றவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், காத்திருந்தேன். அடித்தது. அவள் தோள் ஒருமுறை உயர்ந்து இறங்கியது. பனையைப் பிடிக்கவில்லை. பள்ளத்தின் அந்தப் பக்கம் புழுதி கொஞ்சம் உதிர்ந்து அடங்கியது.

அவள் மூடியைத் திறந்தாள். "தயிர் ஊத்தவா?" என்று கேட்டாள்.